கருப்புக்கும் 31, பேல் ஏலுக்கும் 31: மார்க் எங்க தப்பாகுது?

கேள்வி: ம்யூனிக்ல ரெண்டு வருஷமா வேலை பாக்குறேன் சார். ஆபீஸ்ல மாசம் ஒரு வெள்ளிக்கிழமை ஆறு பீர் பாட்டில் வரிசையா வச்சு, ஆளாளுக்கு 50க்கு மார்க் போடச் சொல்றாங்க. மூணு டார்க் லாகர்னு கருப்பு பீர், மூணு பேல் ஏல்னு வெளிர் நிற பீர். எனக்கு கருப்பா இருக்கறதெல்லாம் ஒரே மாதிரி இருக்கு, பேல் ஏல் எல்லாம் வெறும் கசப்பு. என் மார்க் எல்லாமே 30, 31, 32தான். நாக்குல ஏதாவது கோளாறா?

பதில்: நாக்கு நல்லாத்தான் இருக்கும், பயப்படாதீங்க. ஆனா ஒண்ணு சொல்லுங்க, வெளிர் நிறத்தை முதல்ல குடிச்சிட்டு கருப்பை கடைசிக்கு வைக்கிறாங்களா? முக்கால்வாசி இடத்துல அப்படித்தான் நடக்குது, கருப்புன்னா ஸ்ட்ராங்னு ஒரு நினைப்பு. உண்மைல ம்யூனிக் டுங்கல், அதான் அந்த ஊர் டார்க் லாகர், 4.5ல இருந்து 5.6 சதவீதம் ஆல்கஹால், கலிஃபோர்னியாவோட சியரா நெவாடா கம்பெனி பேல் ஏலும் 5.6தான். நிறம் மால்ட்டை, அதாவது முளைகட்டி உலர்த்தின பார்லியை, எவ்வளவு வறுத்தாங்கங்கறதுல இருந்து வருது, போதைக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல.

வரிசைக்கு பாக்க வேண்டியது கசப்பு. அதை ஐபியூன்னு ஒரு அளவுல சொல்வாங்க, டுங்கல் 18ல இருந்து 28, அமெரிக்கன் பேல் ஏல் 30ல இருந்து 50. ஹாப்ஸ்ங்கறது பீருக்கு கசப்பும் வாசனையும் தர்ற ஒரு கொடியோட பூ, அதோட கசப்பு நாக்குல ஒட்டிக்கிட்டு சீக்கிரம் போகாது, பாகற்காய் சாப்பிட்ட கையோட பருப்பு சாதம் சாப்பிட்டா பருப்பு ருசி தெரியுமா, அதே கதைதான். அதனால கருப்பு முதல்ல, பேல் ஏல் பின்னாடி. நானே ஒரு தடவை பேல் ஏலுக்கு அப்புறம் ஒரு ஷ்வார்ட்ஸ்பியர் (டார்க் லாகர்லயே இன்னொரு வகை) குடிச்சு 'தண்ணியா இருக்கு'ன்னு எழுதி 27 போட்டேன், மறுநாள் வெறும் நாக்கோட அதே பீரை குடிச்சா 38க்கு கொறைச்சு போட மனசு வரல.

ரெண்டாவது குற்றவாளி ஃபிரிட்ஜ். 4 டிகிரில எடுத்து உடனே ஊத்தினா எந்த டார்க் லாகரும் ஒரே மாதிரிதான் இருக்கும், 'ஜில்'லுங்கற ஒரே ருசி. இந்த வெள்ளிக்கிழமை இதை மட்டும் செஞ்சு பாருங்க. ஒரு டுங்கலை கிளாஸ்ல 100 மில்லி ஊத்தி, கிளாஸோட வாயை உள்ளங்கையால மூடி, லேசா சுத்தி, சட்டுனு மோந்து பாருங்க. ஒண்ணும் வராது. கிளாஸை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டு ஒரு பத்து நிமிஷம் பேசிட்டு இருங்க, 8, 10 டிகிரிக்கு வரட்டும், இப்ப திரும்ப மோந்தா பிரெட்டோட சிவந்த ஓரம், அப்புறம் பாகு காய்ச்சற வாசனை, கொஞ்சம் வறுத்த நிலக்கடலை. அதே மாதிரி ஒரு ஷ்வார்ட்ஸ்பியரை (கடைல கோஸ்ட்ரிட்ஸர்ங்கற பிராண்ட் சுலபமா கிடைக்கும்) பக்கத்துல வச்சு பாத்தீங்கன்னா இனிப்பு கம்மி, காபிக்கொட்டை வறுக்கும்போது கடைசில வருமே அந்த லேசான கருகல், குடிச்சு முடிச்சதும் வாய் உலர்ந்து போகும். இது ரெண்டும் ஒண்ணுன்னு அப்புறம் நீங்க சொல்லவே மாட்டீங்க.

பேல் ஏல்ல 'வெறும் கசப்பு'ன்னு எழுதறது, சாம்பார்ல வெறும் காரம்னு சொல்ற மாதிரி. கசப்புக்கு முன்னாடி மூக்கை வேலை வாங்குங்க. சியரா நெவாடால இருக்கறது காஸ்கேட்ங்கற ஹாப், 1972ல வந்த ரகம், பம்பளிமாஸ் தோலை நகத்தால கீறினா வர்ற வாசனை, கூடவே கொஞ்சம் பைன் மரம். இங்கிலீஷ் பேல் ஏல்ல அந்த பழ வாசனை அடங்கி, மண்ணு, மூலிகை, பிஸ்கட் பக்கம் போகும். இங்கிலாந்துல பேல் ஏலுக்கு பேர் போன பர்ட்டன் ஊர் தண்ணில ஜிப்சம் ஜாஸ்தி, அதனால அங்க கசப்பு வறண்டு, கூர்மையா நிக்கும். உங்க ம்யூனிக் தண்ணி வேற ஜாதி, கார்பனேட் அதிகம், வறுத்த மால்ட்டோட புளிப்பு அதை சமன் பண்ணிடும், அதான் அந்த ஊர் காலங்காலமா கருப்பு பீர் ஊரா இருந்துச்சு, அங்க ஸ்பாட்டன்ங்கற பீர் கம்பெனிக்காரங்க ஹெல்லஸ்ங்கற வெளிர் நிற லாகரை கொண்டு வந்ததே 1894லதான்.

இப்ப மார்க். உங்க ஆபீஸ்ல 50க்கு போடறாங்கன்னா அனேகமா பிஜேசிபி முறையா இருக்கும், அமெரிக்கால 1985ல ஆரம்பிச்ச பீர் ஜட்ஜ் அமைப்பு. வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, ருசிக்கு 20, வாய்ல இருக்கற கனத்துக்கு 5, மொத்த அபிப்ராயத்துக்கு 10. தோற்றத்துக்கு வெறும் 3தான், கவனிச்சீங்களா, அதனால கலரை பாத்து மயங்க வேண்டாம். நீங்க செய்யற தப்பு என்னன்னா மொத்தமா ஒரு நம்பரை மனசுல நினைச்சிட்டு அப்புறம் பிரிச்சு எழுதறீங்க, அப்ப எல்லாம் 31தான் வரும். வார்த்தையை முதல்ல எழுதுங்க, ஒவ்வொரு கட்டத்துக்கும் ரெண்டு வார்த்தை போதும், நம்பர் அதுக்கப்புறம். நல்ல டுங்கல்னா 9, 3, 15, 4, 7, ஆக 38. ஹாப் வாசனை செத்துப்போன பேல் ஏல்னா 6, 3, 12, 4, 5, ஆக 30. எட்டு மார்க் வித்தியாசம் எங்க இருந்து வந்துச்சுன்னு கண்ணுக்கு முன்னாடி தெரியும்.

பிடிக்குதா பிடிக்கலையாங்கறது வேற கேள்வி. எனக்கு பேல் ஏல்தான் உயிர், ஆனா டுங்கல் டுங்கலா இருக்கான்னுதான் மார்க்.

குறைகளுக்கு நம்ம வீட்டு வாசனையையே பேரா வச்சுக்கோங்க. வெண்ணெய் தடவின பாப்கார்ன் வந்தா டைஅசிடைல், பீர் நொதிக்கும்போது உண்டாகற ஒரு பொருள், லாகர்ல பொதுவா அது தப்பு, செக் நாட்டு லாகர்ல மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கலாம். வேகவச்ச மக்காச்சோளம்னா டிஎம்எஸ், மால்ட்ல இருந்து வர்ற ஒரு கந்தகப் பொருள். நனைஞ்ச அட்டைப்பெட்டின்னா பழசு. பச்சை பாட்டிலும் வெள்ளை பாட்டிலும் வெளிச்சத்துல நின்னா ஹாப்ஸ் கெட்டு ஒரு நாத்தம் வரும், பிரவுன் பாட்டில் ஓரளவு காப்பாத்தும். கடல் தாண்டி வர்ற பேல் ஏல் சில மாசத்துலயே வாசனையை இழந்துடும், உங்களுக்கு 'வெறும் கசப்பு' கிடைக்கறதுக்கு அதுகூட காரணமா இருக்கலாம், அதனால வாங்கறவர்கிட்ட தேதி பாத்து வாங்கச் சொல்லுங்க.

நடுவுல தண்ணியும் உப்பில்லாத வெறும் பிரெட்டும் மட்டும், மிக்சர் தட்டை கடைசி பீர் முடியற வரைக்கும் அலமாரிலயே வைங்க. காபி குடிச்ச அரை மணி நேரத்துக்குள்ள உக்காராதீங்க. கிளாஸ்ல சோப்பு, எண்ணெய் பிசுக்கு இருந்தா நுரை நிக்காது, அதுக்கு பீரை திட்டி மார்க் கொறைக்காதீங்க. அப்புறம் ஜெர்மன்காரங்க சத்தமா அபிப்ராயம் சொல்லுவாங்க, பேப்பர்ல எழுதி முடிக்கற வரைக்கும் யாரும் வாயை திறக்கக்கூடாதுன்னு ஒரு ரூல் போடச் சொல்லுங்க, குடிச்சிட்டு வண்டி ஓட்டாம வீட்டுக்கு ஊபான் மெட்ரோ ரயில்லயே போங்க.