தண்ணியில்லாக் காடும் தருமாஸ்பத்திரியும் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பாம்பன் பக்கம் சின்னப்பாலத்தில் கடலில் முங்கிப் பாசி எடுக்கும் ஒரு பெண்ணின் கால் விரலை ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்ததைப் பற்றிப் போன வாரம் எழுதியிருந்தீர்கள். நான் இதே கடற்கரையில் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 31 வருடம் மருந்தாளுநராக இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் கட்டுரை ஒருதலைப்பட்சமானது என்றே சொல்வேன். டாக்டர் இலவசம், மாத்திரை இலவசம், 108 இலவசம், ஐந்து லட்சத்துக்குக் காப்பீட்டு அட்டை. இதற்கு மேல் அரசாங்கம் என்ன செய்யும்? நான் கொடுத்த சுகர் மாத்திரையை வாசல் தாண்டியதும் குப்பையில் வீசிவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். புண் அழுகிய பிறகுதான் வருவார்கள். ஆண்களுக்குக் குடி, பெண்களுக்கு அலட்சியம், மனசு சரியில்லை என்றால் ஏர்வாடி தர்கா. அறியாமைக்கு வறுமை என்று பெயர் வைக்காதீர்கள்.

ரா., இராமநாதபுரம்

அன்புள்ள ரா. சார்,

உங்கள் கடிதத்தில் கோபம் இருக்கிறது. 31 வருடம் ஒரே ஜன்னலுக்குள் நின்று மாத்திரை எண்ணிக் கொடுத்தவர் கோபப்படாமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஆனால் மாத்திரையை வீசிவிட்டுப் போன ஆளைக் கூப்பிட்டு ஏன் என்று கேட்டீர்களா, அது கடிதத்தில் இல்லை. நானும் கேட்டிருக்க மாட்டேன். விரலை இழந்த அந்த அக்காவே ஒரு சாயங்காலம் வலையைப் பிரித்து உட்கார்ந்திருந்தபோது பேச்சுவாக்கில் சொன்னதுதான்.

காலையில் ஆறு ஆறரைக்கு வல்லம் என்கிற நாட்டுப்படகில் ஏறுகிறார்கள். வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு முங்க முடியாது, மூச்சு நிற்காது, வாந்தி வரும். அதனால் ஒரு கிளாஸ் கருப்புக் காப்பியோடு போய்விடுவார்கள். மத்தியானம் கரைக்கு வந்துதான் சோறு. இந்த அக்காவுக்குச் சுகர் என்று கண்டுபிடித்து ஆறு வருடம் ஆகிறது. கொடுத்த மாத்திரையைக் காலையில் தவறாமல் போட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார். ஒரு நாள் தீவுப் பக்கம் முங்கும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு வந்து, கை நடுங்கி, உடம்பெல்லாம் குப்பென்று வேர்த்து (தண்ணீருக்குள் வேர்த்தது எப்படித் தெரியும் என்று கேட்டேன், "தெரியும்ல" என்றார், அவ்வளவுதான்) பக்கத்தில் இருந்தவர்கள் முடியைப் பிடித்துத் தூக்கி வல்லத்தில் போட்டிருக்கிறார்கள். யாரோ மடியில் வைத்திருந்த கருப்பட்டித் துண்டை வாயில் திணித்ததும் தெளிந்திருக்கிறது. அதற்கப்புறம் படகுக்குப் போகிற நாளில் மாத்திரை கிடையாது என்று அவரே ஒரு முடிவு எடுத்துக்கொண்டார்.

கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகை சுகர் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கிவிடும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நிலத்தில் என்றால் மயங்கி விழுவார், யாராவது சர்க்கரைத் தண்ணீர் கொடுப்பார்கள். கடலுக்கடியில் அப்படி ஆனால் பிணம்தான் மிதக்கும். ஆகவே அந்த மாத்திரையை அவர் நிறுத்தியதை என்னால் அறியாமை என்று சொல்ல முடியவில்லை. மாத்திரையைப் பற்றி அனுபவத்தில் அறிந்துகொண்டதால்தான் நிறுத்தினார். காலையில் வேறு மாத்திரை, அல்லது வேறு நேரம் என்று மாற்றிக் கொடுத்திருக்கலாம், அது பெரிய வித்தையில்லை. ஆனால் அவர் கடலில் முங்குகிறவர் என்று ஆஸ்பத்திரியில் யாருக்கும் தெரியாது. ஓ.பி. சீட்டை எனக்குக் காட்டினார். பெயர், வயது, பெ என்று ஓர் எழுத்து, அதற்குக் கீழே கிறுக்கல். என்ன வேலை செய்கிறீர்கள் என்று நோயாளியிடம் கேளுங்கள் என இத்தாலியில் ரமாஸினி என்கிற டாக்டர் 1700லேயே மற்ற டாக்டர்களுக்குச் சொன்னார். முந்நூற்றுச் சொச்சம் வருடம் ஆகிவிட்டது, அந்தக் கேள்வி இன்னும் பாம்பன் பாலத்தைத் தாண்டவில்லை.

மாத்திரை நின்றது, சுகர் ஏறியது, பாதம் மரத்துப்போனது. அப்புறம் ஒரு நாள் கடலடிப் பாறையில் கால் வைத்தபோது கீறிய கல் அவருக்குத் தெரியவேயில்லை. கைவிரல்களுக்குத் துணி சுற்றிக் கட்டுவார்கள், காலுக்கு ரப்பர் செருப்பு, அதைக் கிழித்துக்கொண்டு போயிருக்கிறது. செருப்பில் ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

சரி, உடனே ஏன் வரவில்லை என்பீர்கள். அந்தப் பகுதிப் பெண்கள் தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்து மாதத்துக்கு 12 நாள்தான் பாசிக்குப் போகிறார்கள், நீரோட்டம் பார்த்து ஆறாறு நாளாக. பாசி அழிந்துவிடக் கூடாது என்று அவர்களே போட்டுக்கொண்டது அது. மாதச் சம்பளக்காரர் ஒரு நாள் லீவு போட்டால் லீவு, அவ்வளவுதான். இவர் ஒரு நாள் போகவில்லையென்றால் மாத வருமானத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு போச்சு. கூட வரும் மகள் மண்டபத்தில் இறால் உரிக்கப் போகிறவள், அவளுடைய கூலியும் போச்சு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது, 2021லிருந்து, நல்ல விஷயம். நமக்கு அவசரம் என்றால் மட்டும் வந்து நிற்பது மதுரை பஸ்ஸாக இருக்கும், அதில் டிக்கெட் எடுக்க வேண்டும். டீ, சாப்பாடு, ஸ்கேன் மெஷின் ரிப்பேர் என்று வெளியே எழுதிக் கொடுத்தால் அதற்கு ஒரு தொகை. நானும் அவரும் கூட்டிப் பார்த்தோம், ஆயிரத்து இருநூறுக்குக் குறையவில்லை. அதுவும் கையில் இருக்கும் ஆயிரத்து இருநூறு இல்லை, பாசி வாங்கும் வியாபாரியிடம் முன்பணமாக வாங்கியது, அதைக் கழிக்க மறுபடி கடலுக்குப் போக வேண்டும், புண்ணோடு. மறுநாள் கட்டு மாற்ற வா என்று சொன்னால்? அடுத்த நாளும் வா என்றால்? இலவச வைத்தியத்துக்கு அவர் கொடுக்கும் விலை இது, சார். நீங்களும் நானும் அதே ஆஸ்பத்திரிக்குப் போனால் இந்த விலையை நம்மிடம் யாரும் கேட்பதில்லை.

இந்தியாவில் மருத்துவத்துக்கு ஆகும் மொத்தச் செலவில் ஜனங்கள் தங்கள் கையிலிருந்து நேரடியாகப் போடுவது 2013-14இல் 64 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 39 சதவீதமாகக் குறைந்திருக்கிறது என்கிறது தேசியச் சுகாதாரக் கணக்கு. குறைந்தது உண்மை. மகளின் இறால் கூலி அந்தக் கணக்கில் வராது.

இன்னொன்றும் சொன்னார். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986இலிருந்து தேசியப் பூங்கா. நல்ல பாசி இருப்பது தீவுகளை ஒட்டி. அங்கே அடிபட்டால் எங்கே அடிபட்டது என்று சொல்லவே பயமாம், அபராதம் போட்டுவிடுவார்களோ என்று. ஆஸ்பத்திரியில் கேட்டபோது வீட்டு வாசலில் பீங்கான் குத்திவிட்டது என்று சொல்லியிருக்கிறார். டாக்டரும் பீங்கான் குத்திய புண்ணுக்கு உள்ள வைத்தியத்தைப் பார்த்திருக்கிறார்.

இப்போது நீங்கள் சொன்ன காப்பீட்டு அட்டைக்கு வருகிறேன். அது வேலை செய்தது, பொய் சொல்ல மாட்டேன். விரலை எடுத்ததற்கு ஒரு பைசா கேட்கவில்லை. மரத்துப்போன காலுக்கென்று உள்ள மெத்தென்ற எம்.சி.ஆர். செருப்பு கிடைத்திருந்தால், மாத்திரையை மாற்றிக் கொடுத்திருந்தால், நாலு நாள் கூலியை யாராவது ஈடு செய்திருந்தால் விரல் இருந்திருக்கும், ஆனால் அதற்கெல்லாம் அட்டையில் இடமில்லை. விரலை வெட்ட பணம் உண்டு, காப்பாற்ற இல்லை.

இது அந்த அக்காவோடு முடிகிற கதையும் இல்லை. தேசியக் குடும்பநல ஆய்வு, 2019-21இல் எடுத்தது: தமிழ்நாட்டில் 99.6 சதவீதப் பிரசவம் ஆஸ்பத்திரியில் நடக்கிறது. உலகத்துக்கே காட்டலாம். அதே ஆய்வில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதற்கு முந்தைய ஆய்வில் 55. ஆஸ்பத்திரி வாசலுக்கு உள்ளே இருக்கும் காரியத்தை நாம் செய்து முடித்துவிட்டோம், வெளியே இருப்பதில் அஞ்சு வருடத்தில் ரெண்டு புள்ளிகூட முழுசாக நகரவில்லை. ரத்தத்துக்கு இரும்புச்சத்து மாத்திரையை நீங்கள் ஜன்னல் வழியாகக் கொடுக்கலாம், வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளின் தட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்பது ஜன்னலிலிருந்து தெரியாது. நம் பக்கத்தில் அதோடு தண்ணீரும் சேர்ந்துகொள்கிறது. எட்டுக் குடம் அடுக்கிய தள்ளுவண்டியை மணலில் தள்ளிக்கொண்டு போகும் பெண்களை நீங்கள் பார்க்காத நாள் இருக்காது. ஊற்றில் சிரட்டையால் மொண்டு ஒரு குடம் நிறைய எவ்வளவு நேரம் என்று ஒரு தடவை நின்று பாருங்கள். ஓ.பி. நேரமும் குழாயில் தண்ணீர் வருகிற நேரமும் ஒன்றாக இருந்தால் எந்த வீட்டிலும் தண்ணீர்தான் ஜெயிக்கும்.

தண்ணீர் என்றதும் ஞாபகம் வருகிறது. "தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்" என்று சினிமாவில் மந்திரி மிரட்டினால் நாம் எல்லோரும் சிரிக்கிறோம். அது நம் ஊர், சார். ஒரு மாவட்டத்துக்கு வருவதையே தண்டனை என்று மாநிலம் முழுக்க ஒத்துக்கொண்ட பிறகு, அங்கே வந்து சேரும் டாக்டர் எத்தனை நாள் இருப்பார்? நோயாளியின் பெயர் மனசில் பதிவதற்குள் மாறுதல் வாங்கிக்கொண்டு போய்விடுவார். அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை, அவருக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வேண்டும். ஜூலியன் டூடர் ஹார்ட் என்று ஒரு டாக்டர், வேல்ஸ் நாட்டில் சுரங்கத் தொழிலாளர்கள் வாழ்ந்த கிராமத்தில் மாறுதல் வாங்காமல் பல வருடம் உட்கார்ந்து வைத்தியம் பார்த்தவர், 1971இல் ஒன்று எழுதினார்: நல்ல மருத்துவம் எங்கே அதிகம் தேவையோ அங்கேதான் அது குறைவாகக் கிடைக்கிறது என்று. சந்தையின் கையில் மருத்துவம் போகப் போக இது இன்னும் மோசமாகும் என்றும் சொன்னார். இலவச மருத்துவம் அமலுக்கு வந்து இருபத்து மூன்று வருடம் ஆன நாட்டைப் பற்றி அவர் எழுதியது அது. நம் மாவட்டத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்ததே 2022 ஜனவரியில். அதுவரை கொஞ்சம் சிக்கலான கேஸ் என்றால் "மதுரைக்கு எழுதிக் கொடுத்துட்டாங்க" என்பார்கள். ராமேஸ்வரத்திலிருந்து மதுரை 170 கிலோமீட்டர்.

என் பெரியம்மா 1979இல் தலைப்பிரசவ வலியோடு பாம்பன் ரயில் நிலைய பெஞ்சில் படுத்துக் கிடந்தவர். அப்போது தீவிலிருந்து வெளியேற ரயில் அல்லது படகு, ரோட்டுப் பாலம் திறந்தது 1988இல்தான். பிள்ளை ரயிலிலேயே பிறந்துவிட்டது. அண்ணனை வீட்டில் இன்றைக்கும் பாசஞ்சர் என்றுதான் கூப்பிடுவோம். பிழைத்ததால் சிரிக்கிறோம். அந்தக் காலத்தில் ரயில் வருவதற்குள் போய்ச் சேர்ந்தவர்களையும் கேட்டால் அலட்சியம் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

ஏர்வாடி பற்றி எழுதியிருக்கிறீர்கள். 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடிகாலையில் அங்கே ஒரு கொட்டகை எரிந்து, சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் செத்துப்போனார்கள். அவர்களைப் பெற்றவர்களுக்குத் தர்காவின் மேல் நம்பிக்கை இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் தமிழ்நாடு முழுமைக்கும் மனநலத்துக்கென்று தனியாக இருந்த அரசு மருத்துவமனை கீழ்ப்பாக்கத்தில் ஒன்றே ஒன்று. மாதாமாதம் மெட்ராஸுக்குக் கூட்டிப்போகக் காசில்லாத, வீட்டில் வைத்துப் பார்க்க ஆளில்லாத குடும்பத்துக்கு ஏர்வாடி மட்டும்தான் கதவைத் திறந்து வைத்திருந்தது. நம்பிக்கை பாதி, வேறு வழியில்லாதது பாதி.

குடி விஷயத்தில் உங்களோடு சண்டையில்லை. மழுப்பவும் மாட்டேன், என் குடும்பத்திலேயே இரண்டு பேரைக் கொடுத்திருக்கிறேன். ஆனால் இந்த அக்கா குடிக்கிறவர் இல்லை.

மக்களைத் தேடி மருத்துவம் என்கிற அரசுத் திட்டம் வந்த பிறகு மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அது ஏன் எடுபடுகிறது என்று யோசித்தால் நான் இவ்வளவு நீட்டி எழுதியதை நீங்களே ஒரு வரியில் எழுதிவிடுவீர்கள்: ஒரு நாள் கூலி மிச்சம். அதிலும் ஒரு சின்ன இடறல் இருக்கிறது. கொண்டுவரும் தங்கச்சி பதினோரு மணிக்கு வருகிறாள், அப்போது அக்கா கடலில். மாமியாரிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள். மாமியாருக்குக் கண் தெரியாது, பிரஷர் மாத்திரையும் சுகர் மாத்திரையும் ஒரே பிஸ்கட் டப்பாவில் கிடக்கிறது. நீங்கள் ஓய்வில் இருக்கிறீர்கள், ராமநாதபுரத்திலிருந்து முக்கால் மணி நேரம். பாசிக்குப் போகிற நாளாகப் பார்த்து, சாயங்காலம் நாலு மணிக்கு மேல் அந்தத் தெருவுக்கு ஒரு தடவை வாருங்கள். அந்த டப்பாவைப் பிரித்து எதை எப்போது போட வேண்டும், கடலுக்குப் போகிற அன்றைக்கு டாக்டரிடம் எதை மாற்றிக் கேட்க வேண்டும் என்று சொல்ல உங்களை விடத் தகுதியான ஆள் எனக்குத் தெரிந்து இந்தக் கடற்கரையில் இல்லை. நானும் கூட வருகிறேன்.

நேற்று போயிருந்தேன். வெள்ளிக்கிழமையிலிருந்து மறுபடி ஆறு நாள் பாசி. புண் இன்னும் முழுக்க ஆறவில்லை. கட்டு நனையாமல் இருக்கக் காலி பால் பாக்கெட்டை வெட்டிப் பாதத்தில் மாட்டி, கணுக்காலில் ரெண்டு ரப்பர் பேண்டு போட்டு, "எப்படி?" என்று காலை நீட்டிக் காட்டினார்.

அன்புடன்.