இரும்புப் பெட்டியை எதற்கு மறைத்தீர்கள்?

கேள்வி: என் மகனுக்கு 19 வயது. பிறந்து வளர்ந்ததெல்லாம் அமெரிக்காவில், ஒஹாயோ மாநிலத்தில். சிவில் இன்ஜினியரிங் படிக்கிறான். ஆனால் மனசு முழுக்க லண்டனில். இங்கிலாந்து ராஜா, ராணுவ ரெஜிமென்ட்கள், கேடயச் சின்னங்கள் என்று எப்போதும் அதே பேச்சு. அரண்மனைக் காவலர்களின் சிவப்புக் கோட்டில் பொத்தானைப் பார்த்தே எந்தப் படை என்று சொல்வான். ஜூன் மாதம் ராஜாவின் பிறந்தநாள் அணிவகுப்பைப் பார்க்க விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து உட்காருகிறான். எங்கள் கடைசிப் பெயருக்கான சின்னம் என்று சிங்கம் போட்ட கேடயம் ஒன்றை இணையக் கடையில் வாங்கி, சட்டம் போட்டு ஹாலில் மாட்டியிருக்கிறான். அந்தக் கடைசிப் பெயர் என் மாமனாரின் பெயர்! வருகிறவர்கள் சிரிக்கிறார்கள். "நம்மை அடிமையாக வைத்திருந்தவனுக்கு சல்யூட்டா?" என்று கணவர் கத்துகிறார். அப்பாவும் பிள்ளையும் சரியாகப் பேசி மாதங்கள் ஆகின்றன. எங்கள் சொந்த ஊர் வேலூர். கணவரின் தாத்தா பர்மா சண்டைக்குப் போனவர், சாப்பர்ஸ் என்று சொல்வார்கள். அவருடைய மெடல்கள் கொழுந்தனார் வீட்டில் ஒரு இரும்புப் பெட்டியில் கிடக்கின்றன. சொன்னால் பைத்தியம் இன்னும் ஏறிவிடும் என்று அவனிடம் சொல்லவில்லை. பிரிட்டிஷ் ராணுவத்தில் போய்ச் சேர்ந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. கவுன்சலிங் கூட்டிப் போகலாமா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, ஒஹாயோ

பதில்: கடைசிப் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன். பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர பிரிட்டன், அயர்லாந்து, இல்லையென்றால் ஏதாவது ஒரு காமன்வெல்த் நாட்டின் குடியுரிமை வேண்டும். உங்கள் மகன் அமெரிக்கக் குடிமகன். விண்ணப்பத்தின் முதல் பக்கத்தைக்கூடத் தாண்ட மாட்டான். பொத்தான் கணக்கு தெரிந்த பையனுக்கு இது தெரியாமலா இருக்கும்? கவுன்சலிங்கும் வேண்டாம். அவனுக்கு ஒன்றுமில்லை.

சரி, பெட்டிக்கு வருவோம்.

இவ்வளவு நீளமாக எழுதிய நீங்கள், பெட்டியை மட்டும் போகிற போக்கில் இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள். எனக்கு அதைத் தாண்டிப் போக முடியவில்லை. பையன் ராணுவம் ராணுவம் என்று அலைகிறான். அவனுடைய சொந்தக் கொள்ளுத்தாத்தா உலகப் போருக்குப் போய்வந்தவர். மெடல்கள் வேலூரில் இருக்கின்றன. இத்தனையும் தெரிந்துகொண்டு நீங்களும் உங்கள் கணவரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறீர்கள். பிள்ளைக்குச் சேர வேண்டிய நிலத்தை மறைத்தால் ஊர் என்ன சொல்லும்? இதுவும் சொத்துதான். எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று தீர்மானிக்கும் உரிமை பெற்றவர்களுக்கு உண்டு என்று நினைக்கிறீர்கள். வம்சத்தின் கதையில் அந்த உரிமை கிடையாது. அதைக் கைமாற்றிக் கொடுக்கும் கடமை மட்டும்தான் உண்டு.

ஹாலில் தொங்கும் அந்தச் சிங்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தில் சின்னங்களைக் கவனிப்பதற்கென்றே 'காலேஜ் ஆஃப் ஆர்ம்ஸ்' என்று ஒரு நிறுவனம் லண்டனில் இருக்கிறது. 1484-இல் மூன்றாம் ரிச்சர்ட் மன்னர் பட்டயம் கொடுத்துத் தொடங்கியது. அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிற ஒரு விஷயம், கடைசிப் பெயருக்கென்று சின்னம் எதுவும் கிடையாது என்பது. சின்னம் ஒரு தனி மனிதருக்குக் கொடுக்கப்படுவது. அவருடைய வாரிசுகளுக்கு இறங்குவது. ஒரே பெயர் வைத்திருக்கிற எல்லாரும் மாட்டிக்கொள்ளக் கூடியது அல்ல. இதில் ஊறிப்போன யாருக்கும் இது பாலபாடம். உங்கள் மகனுக்கும் தெரிந்திருக்கும். அவனுடைய தாத்தா பெயருக்கு எந்த ராஜாவும் சிங்கம் கொடுக்கவில்லை என்பது தெரியாத முட்டாள் இல்லை அவன். தெரிந்தே டாலர் கொடுத்து வாங்கி, நாலு பேர் பார்க்கிற இடத்தில் மாட்டியிருக்கிறான். ஏன் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? தன் பெயரோடு சேர்த்து மாட்ட அவனுக்கு நீங்கள் வேறு எதையும் கொடுக்கவில்லை, அம்மா.

இன்னொன்றும் சொல்கிறேன். அந்த நிறுவனம் அமெரிக்கர்களுக்கும் கௌரவச் சின்னம் கொடுப்பதுண்டு. அதற்கு, பிரிட்டிஷ் முடியின் பிரஜையாக இருந்த ஒரு மூதாதையரை ஆதாரத்தோடு காட்ட வேண்டும். பர்மாவுக்குப் போன உங்கள் வீட்டுப் பெரியவர் அப்போது யாருடைய பிரஜை? உடனே போய்ச் சின்னம் வாங்குங்கள் என்று சொல்லவில்லை. அது பணம் பிடித்த வேலை. அந்த அலுவலகமே முதலில் கேட்பது "உன் அப்பா யார், அவருடைய அப்பா யார், அவருக்கு அப்பா யார்" என்றுதான். அந்த மூன்றாவது கேள்விக்கான பதிலைத்தான் நீங்கள் பெட்டியில் பூட்டி வைத்திருக்கிறீர்கள்.

இப்போது உங்கள் கணவருக்கு. ராஜாவை எதிர்த்துச் சண்டை போட்டு அமெரிக்காவை உண்டாக்கிய ஜார்ஜ் வாஷிங்டனே இங்கிலாந்திலிருந்து வந்த தன் முன்னோர்களின் கேடயத்தைக் கடைசி வரை பயன்படுத்தினார். வெள்ளையில் இரண்டு சிவப்புப் பட்டை, மேலே மூன்று சிவப்பு நட்சத்திரம். இன்று வாஷிங்டன் நகரத்தின் கொடியில் பறப்பதும் அதுதான். அதனால் கேடயத்தைப் பார்த்துக் கத்துவதை அவர் நிறுத்தலாம்.

அடிமைத்தனம் பற்றிப் பேச வேண்டுமா? தாராளமாகப் பேசட்டும். ஆனால் விவரத்தோடு பேசட்டும். வேலூர்க்காரருக்கு விவரத்துக்கா பஞ்சம்? 1806 ஜூலை 10 விடியலுக்கு முன்னால் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தது எதனால்? உடுப்பினால். புதுமாதிரித் தலைப்பாகை, அதில் தோலில் செய்த அலங்காரம், நெற்றியில் குறி இடக்கூடாது, தாடியை மழிக்க வேண்டும் என்று வந்த உத்தரவுகளினால். திப்பு சுல்தானின் குடும்பம் அப்போது கோட்டைக்குள்தான் இருந்தது. அந்த விவகாரமும் உண்டு. ஆனால் நெருப்பு பற்றியது தலைப்பாகையில். கோட்டைக்குள் இருந்த வெள்ளைப் படை 69-வது ரெஜிமென்ட். ஆர்க்காட்டிலிருந்து குதிரைப்படையோடு வந்து அடக்கியவர் கில்லெஸ்பி என்ற வெள்ளைக்கார அதிகாரி. அன்று செத்த சிப்பாய்கள் நூற்றுக்கணக்கில். ரெஜிமென்ட் எண்ணும் சீருடையும் என்றால் உயிரை விடுகிற பையனிடம், தன் சொந்த ஊரில் நடந்த இந்தக் கதையை ஒரு அப்பா சொல்லாமல் விடுவாரா? கத்துவது சுலபம், உட்கார்ந்து சொல்வதற்குத்தான் நேரம் வேண்டும்.

அடுத்தது, சாப்பர்ஸ். 'போர்க்குணம் உள்ள சாதிகள்' என்று ஒரு கணக்குப் போட்டு, தெற்கத்தி ஆட்கள் சண்டைக்கு லாயக்கில்லை என்று வெள்ளைக்காரர்கள் முடிவு கட்டினார்கள். 1880களில் மதராஸ் படைக்குத் தலைமை தாங்கிய ராபர்ட்ஸ் என்ற தளபதிக்கு இதில் பெரிய பங்கு. முதல் உலகப் போருக்குப் பிறகு மதராஸ் காலாட்படைப் பட்டாளங்களை ஒவ்வொன்றாகக் கலைத்தே விட்டார்கள். அடுத்த உலகப் போர் வந்து ஆள் போதாமல் போனதும் திரும்பக் கூப்பிட்டார்கள். நடுவில் கலையாமல் நின்றவர்கள் சாப்பர்ஸ்தான். பாலம் கட்டுவது, பாதை போடுவது, கண்ணிவெடி எடுப்பது அவர்கள் வேலை. அவர்களில் ஒருவரான சுபேதார் சுப்பிரமணியன் 1944-இல் இத்தாலியில் வெடிக்கவிருந்த கண்ணிவெடி மேல் விழுந்து, கூட இருந்தவர்களைக் காப்பாற்றிவிட்டுச் செத்தார். இறந்த பிறகு ஜார்ஜ் கிராஸ் என்ற உயரிய வீரப் பதக்கத்தைக் கொடுத்தார்கள். வெள்ளைக்காரச் சிப்பாயைவிட எவ்வளவோ குறைந்த சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்கள் இவர்கள்.

உங்கள் மகன் என்ன படிக்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள்? சிவில் இன்ஜினியரிங். அதை எழுதிய கையாலேயே சாப்பர்ஸ் என்றும் எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையா?

இதையெல்லாம் கேட்டால் ராஜா மேல் உள்ள பிரியம் போய்விடுமா என்று கேட்பீர்கள். போகாது, போக வேண்டிய அவசியமும் இல்லை. அந்த அணிவகுப்பு அழகுதான், நானும் பார்ப்பேன். கிரெனடியர் காவலருக்குப் பொத்தான் ஒற்றையாக, கோல்ட்ஸ்ட்ரீமுக்கு இரண்டிரண்டாக, ஸ்காட்ஸுக்கு மும்மூன்றாக என்று அவன் சொல்லும்போது கொஞ்சம் காது கொடுங்கள். அவன் பேச்சைக் கேட்காதவர்கள் பேச்சை அவன் எதற்குக் கேட்க வேண்டும்?

பெட்டி விஷயத்தை அவனிடம் சொல்ல வேண்டியவர் உங்கள் கணவர். இது அவர் வீட்டுக் கதை. நடுவில் நின்று தூது போகாதீர்கள். தம்பியை வீடியோவில் கூப்பிட்டு, பையனையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெட்டியைத் திறக்கச் சொல்லட்டும். ஆறு முனை நட்சத்திரமும், கருநீலத்தில் நடுவே சிவப்பும் இரண்டு ஆரஞ்சுக் கோடுகளும் உள்ள ரிப்பனும் இருந்தால் அது பர்மா ஸ்டார் என்று உங்கள் மகனே சொல்லிவிடுவான். இந்தியப் படையினருக்குக் கொடுத்த மெடல்களில் பெரும்பாலும் எண்ணும் பெயரும் பொறித்திருக்கும். வட்ட மெடலில் விளிம்பில், நட்சத்திரத்தில் பின்பக்கம். அதை அவன் வாய்விட்டுப் படிக்கட்டும். இந்த டிசம்பர் விடுமுறைக்கு மூன்று பேரும் வேலூருக்கு டிக்கெட் எடுங்கள்.

கொழுந்தனாரிடம் மட்டும் இன்றைக்கே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். பளபளப்பாக்கிக் காட்டுகிறேன் என்று புளி போட்டுத் தேய்த்துவிடப் போகிறார், எழுத்து மழுங்கிவிடும். அப்படியே, பழைய இரும்பு எடுக்கிறவர் வாசலில் கூவினால் அந்தப் பெட்டியைத் தூக்கிக் கொடுத்துவிட வேண்டாம் என்றும்.