மகன் டைரக்டர் ஆகணும் என்கிறான்: தங்கச்சிமடத்து அக்காவுக்கு ஒரு பதில்

அக்கா, பிளஸ் டூ முடிந்ததும் சினிமாவுக்குத்தான் போவேன் என்று மகன் நிற்பதால் உங்களுக்குத் தூக்கமே போய்விட்டது என்றீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு கரையில் நிற்க, 61 நாளும் வீட்டை ஓட்டிப் பழகியவர் நீங்கள். நிலையில்லாத வருமானம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இருந்தாலும் அவனைத் தடுக்காதீர்கள். என்ன தொழில் கற்றுக்கொண்டு போகிறான் என்பதில் மட்டும் பிடிவாதமாக இருங்கள்.

பாலு மகேந்திராவைப் பாருங்கள். கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கையில், மட்டக்களப்புப் பக்கம் 1939இல் பிறந்தவர். புனே திரைப்படக் கல்லூரியில் அவர் படித்தது ஒளிப்பதிவு. முதலில் மலையாளப் படங்களுக்குக் கேமராமேன். 1977இல் கன்னட 'கோகிலா' மூலம் இயக்குநர் ஆனார்; அந்தப் படத்தில் அவருக்குக் கிடைத்த தேசிய விருதுகூட ஒளிப்பதிவுக்குத்தான். அப்புறம் தமிழ், மலையாளம், தெலுங்கு, இந்தி என்று நான்கு மொழியிலும் படம் எடுத்தார். 'மூன்றாம் பிறை'யும் அவருடையது, பாட்டே இல்லாத 'வீடு'ம் அவருடையது. சன் டிவிக்காகச் சிறுகதைகளைக் குறும்படங்களாக்கினார். கடைசிக் காலத்தில் சினிமா பட்டறை நடத்தி இளைஞர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். 'தலைமுறைகள்' 2013 டிசம்பரில் வந்தது, அடுத்த பிப்ரவரியில் காலமானார். பெரும்பாலான படங்களில் கேமராவும் எடிட்டிங்கும் அவரே. கையில் அந்த வேலை இருந்ததால்தான் சின்னச் செலவிலும் நினைத்த படத்தை அவரால் எடுக்க முடிந்தது என்று நான் நம்புகிறேன்.

அதனால் சென்னை தரமணியில் உள்ள எம்.ஜி.ஆர். அரசு திரைப்படக் கல்லூரியை முதலில் பாருங்கள். நான்கு வருடப் பட்டப்படிப்பு. டைரக்‌ஷனோடு ஒளிப்பதிவு, எடிட்டிங், ஒலிப்பதிவும் இருக்கின்றன. எடிட்டிங்கோ ஒலிப்பதிவோ எடுக்கச் சொல்லுங்கள் என்பேன். படம் கிடைக்காத நாளிலும் டிவி, விளம்பரம் என்று கைக்குக் காசு வரும். எந்தப் பிரிவுக்கு என்ன பாடம் கேட்கிறார்கள் என்பதை இந்த வருட அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். இடம் கிடைக்கவில்லையா, சரி, ராமநாதபுரத்திலேயே ஒரு டிகிரி முடிக்கட்டும். புனேயில் டைரக்‌ஷன் படிக்க எப்படியும் டிகிரியும் நுழைவுத் தேர்வும் வேண்டும்.

யாராவது அசிஸ்டென்ட் டைரக்டர் சான்ஸ் வாங்கித் தருகிறேன் என்று பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உண்மையான சான்ஸிலும் ஆரம்பத்தில் பேட்டாதான் வரும், அதுவும் ஷூட்டிங் நடக்கிற நாளில் மட்டும். எத்தனை வருடம் வீட்டிலிருந்து வாடகை அனுப்ப முடியும் என்பதை அவனையும் அவன் அப்பாவையும் உட்கார வைத்து இப்போதே பேசிவிடுங்கள்.

அதற்குள் ஒரு வேலை கொடுங்கள். தடைக்காலத்தில் கரையில் வலை சரிசெய்கிறவர்களை வைத்து, போனிலேயே ஐந்து நிமிடப் படம் ஒன்று எடுத்து, அவனே எடிட் செய்யட்டும். முடித்தால் எனக்கு அனுப்புங்கள், எந்தப் பிரிவுக்கு விண்ணப்பிக்கலாம் என்று பார்த்துச் சொல்கிறேன். பாதியில் விட்டாலும் கூப்பிடுங்கள், வேறு படிப்பு பேசுவோம்.