மறு: ஆர்.வி.யில் (தங்கிப் பயணிக்கும் வீட்டு வண்டியில்) நடுராத்திரி ஹீட்டர் நின்றுபோச்சு

சகோதரி, திடீரென்று கிளம்பி கலிஃபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவுக்குப் போன இடத்தில் ஹீட்டர் நின்றதற்கு, கணவர் கேஸ் நிரப்பாததுதான் காரணம் என்கிறீர்கள். பாவம், அவரை விட்டுவிடுங்கள். சூடு தருவது புரொப்பேன் கேஸ்தான், ஆனால் அந்தச் சூட்டை உள்ளே தள்ளும் விசிறி 12 வோல்ட் பேட்டரியில் ஓடுகிறது. அந்தப் பூங்காவின் முகாம்களில் மின் இணைப்பே கிடையாது. விளக்கு, பம்ப் என்று ஓடி பேட்டரி இறங்கியிருக்கும். மாலையில் அனுமதித்த நேரத்துக்குள் ஜெனரேட்டரை ஓட்டி சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

அப்புறம் ஃப்ரிட்ஜ். கேஸிலும் ஓடுகிற வகை என்றால் வண்டி சரிந்து நிற்கக்கூடாது, நின்றால் குளிராது. தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்கு அடியில் லெவலிங் பிளாக் (வண்டியைச் சமமாக நிறுத்த உதவும் கட்டை) வைத்து ஏற்றுங்கள். தோசை மாவு பொங்கி வழிந்ததும் அநேகமாக இதனால்தான். கிளம்புவதற்கு முந்தின நாளே ஃப்ரிட்ஜை ஓடவிட்டு வையுங்கள், குளிரப் பல மணி நேரம் பிடிக்கும்.