முதல் ஆண்டில் இரண்டே சாக் எடுத்த இளம் டிஃபென்சிவ் லைன்மேனை டிராஃப்ட் ஏமாற்றம் என்று சொல்லிவிடலாமா?

அமெரிக்கக் கால்பந்துத் தொடரான என்எஃப்எல்லில் உங்கள் அணி சென்ற ஆண்டு டிராஃப்டின் (கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் நிகழ்வு) முதல் சுற்றில் எடுத்த 21 வயது டிஃபென்சிவ் டேக்கிள் (தற்காப்பு வரிசையின் நடுவில் நிற்பவர்) 17 ஆட்டங்களில் இரண்டு சாக் (பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் குவாட்டர்பேக்கை அவர் வீசுமுன் வீழ்த்துவது) மட்டுமே எடுத்திருக்கிறார், அலுவலக நண்பர்கள் அவரை 'பஸ்ட்', அதாவது ஏமாற்றம், என்று முடிவுகட்டிவிட்டார்கள், இது நியாயமா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமில்லை, குறைந்தது இன்னும் இரண்டு பருவங்களாவது பொறுங்கள் என்பது என் பதில். இதைச் சொல்லும் தகுதி எனக்கு எப்படி வந்தது என்றால், இதே தவற்றை நான் எழுத்து மூலமாக, நாற்பது பேருக்கு ஒரே நேரத்தில் அனுப்பிச் செய்திருக்கிறேன்.

தமிழில் இதையெல்லாம் எழுத வேண்டுமா என்று கேட்கப்போகிறவர்களுக்கு முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். கால்பந்து என்று பெயர் வைத்துக்கொண்டு கையால் ஆடுகிறார்களே என்ற நகைச்சுவையை இருபது ஆண்டுகளாகக் கேட்டுச் சலித்துவிட்டேன். விருப்பமில்லாதவர்கள் தாராளமாகக் கடந்து செல்லலாம். அதேபோல் நான் பயிற்சியாளனும் அல்லன், ஒருநாளும் தலைக்கவசம் மாட்டிக் களத்தில் இறங்கியவனும் அல்லன். 2004இல் வேலைக்காக ஹூஸ்டனுக்கு வந்து, இந்த ஆட்டத்தை அங்கேயே கற்றுக்கொண்ட ஒரு பார்வையாளன், அவ்வளவுதான்.

2005 பருவத்தில் எங்கள் ஹூஸ்டன் டெக்ஸன்ஸ் அணி 16 ஆட்டங்களில் இரண்டே வெற்றிகளோடு கடைசியில் நின்றது. கடைசியில் நின்ற அணிக்குத்தான் அடுத்த டிராஃப்டில் முதல் தேர்வு. அந்த ஆண்டு கல்லூரி ஆட்டத்தில் நாடே இரண்டு பேரைத்தான் பேசிக்கொண்டிருந்தது. ஒருவர் தெற்குக் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் ரெஜி புஷ். மற்றவர் 2006 ஜனவரி ரோஸ் பௌலில் அதே தெற்குக் கலிபோர்னியாவை 41-38 என்று வீழ்த்தி டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்குச் சாம்பியன் பட்டம் வாங்கித் தந்த குவாட்டர்பேக் வின்ஸ் யங். அவர் ஹூஸ்டனிலேயே பிறந்து வளர்ந்தவர். ஊரே இந்த இருவரில் ஒருவருக்காகக் காத்திருக்க, டிராஃப்டுக்கு முந்தைய நாள் இரவே அணி நிர்வாகம் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மரியோ வில்லியம்ஸ் என்ற, தற்காப்பு வரிசையின் ஓரத்தில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டுடன் ஒப்பந்தம் செய்துகொண்டது. ஏறத்தாழ 295 பவுண்டு எடையுள்ள அந்த மனிதர் 40 கெஜத்தை 4.7 வினாடி அளவில் ஓடியவர் என்பதெல்லாம் எங்களுக்கு அன்று காதில் விழவில்லை. வீட்டுப் பிள்ளையை வாசலிலேயே நிறுத்திவிட்டு யாரோ ஒருவரை உள்ளே அழைத்து வந்துவிட்டார்கள் என்ற ஆத்திரம்தான் இருந்தது.

ஆத்திரத்துக்கு அந்தப் பருவம் நன்றாகவே தீனி போட்டது. புஷ் நியூ ஆர்லியன்ஸ் அணிக்காக 88 முறை பந்தைப் பிடித்தார். புயலில் நொறுங்கியிருந்த அந்த ஊரின் அணி சூப்பர் பௌலுக்கு முந்தைய படியான கான்ஃபரன்ஸ் இறுதிப் போட்டி வரை போனது. யங்கை எடுத்ததோ எங்கள் பிரிவிலேயே இருக்கும் டென்னசி டைட்டன்ஸ். அதாவது ஆண்டுக்கு இருமுறை அவரை எதிரே நின்று பார்த்தாக வேண்டும். 2006 டிசம்பர் 10 அன்று அவர் ஹூஸ்டனுக்கு வந்தபோது நானும் அரங்கத்தில் இருந்தேன். அலுவலகத்தில் என் பக்கத்து மேசைக்காரர், வயதில் மூத்தவர், பள்ளி நாட்களில் கார்டு (பந்து வைத்திருக்கும் அணியின் முன்வரிசையில் நின்று எதிராளிகளைத் தடுப்பவர்) இடத்தில் ஆடியவர், தம்மிடம் இருந்த இரண்டு நுழைவுச்சீட்டுகளில் ஒன்றை எனக்குக் கொடுத்து அழைத்துப் போயிருந்தார். ஆட்டம் சமநிலையில் முடிந்து கூடுதல் நேரத்துக்குப் போக, யங் பந்தைத் தானே எடுத்துக்கொண்டு 39 கெஜம் ஓடி 26-20 என்று முடித்துவைத்தார். சொந்த மைதானத்தில் எதிரணி வென்றதற்கு எங்கள் ஊர்க்காரர்களே எழுந்து நின்று கைதட்டியதை அன்றுதான் பார்த்தேன்.

பருவம் முடிந்தபோது வில்லியம்ஸின் கணக்கில் இருந்தவை நான்கரை சாக். அன்றிரவே உட்கார்ந்து, வரலாற்றிலேயே மிக மோசமான முதல் தேர்வு இதுதான் என்று அலுவலகக் குழுவுக்கு ஒரு நீண்ட மின்னஞ்சல் எழுதினேன். எண்களும் ஒப்பீடுகளும் இருந்தன, கடைசியில் ஒரு கேலியும் இருந்தது. எல்லோரும் ஆமாம் போட்டார்கள்.

பக்கத்து மேசைக்காரர் மட்டும் பதில் எழுதவில்லை. மறுநாள் காலை காபி எடுக்கும் இடத்தில், அந்த டிசம்பர் ஆட்டத்தில் வில்லியம்ஸின் 90ஆம் எண்ணை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். அறுபது நிமிட ஆட்டத்திலும் கூடுதல் நேரத்திலும் நான் பார்த்தது பந்தை மட்டும்தான். யாரைப் பற்றி ஒரு பக்கத்துக்கு எழுதினேனோ அவர் எங்கே நின்றார், எதிரே யார் நின்றார்கள் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

அந்த வாரக் கடைசியில் தம் வீட்டுக்கு அழைத்து, பதிவு செய்து வைத்திருந்த ஆட்டங்களில் ஒன்றைப் போட்டார். கையில் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்தார். பந்து நகர்ந்த முதல் மூன்று வினாடிகளுக்கு 90ஐத் தவிர வேறு எதையும் பார்க்கக் கூடாது, அவரை ஒருவர் மட்டும் தடுத்தால் ஒரு பத்தியிலும் இருவர் சேர்ந்து தடுத்தால் மறு பத்தியிலும் ஒரு கோடு போட வேண்டும், குவாட்டர்பேக் நின்ற இடத்தைவிட்டு நகர நேர்ந்தால் அந்தக் கோட்டின் மேல் ஒரு வட்டம் போட வேண்டும் என்பது ஏற்பாடு. தொலைக்காட்சிப் படக்கருவி பந்தைத் துரத்திக்கொண்டு போய்விடுவதால் ஒவ்வொரு முறையும் நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி பார்க்க வேண்டியிருந்தது. ஒரே ஒருவர் தடுத்தும் அவர் நகராமல் நின்றுவிட்ட ஆட்ட நகர்வுகள் இருந்தன, அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சாக் பட்டியலில் ஒரு எண்ணாகக்கூடப் பதியாத வட்டங்களும் தாளில் இருந்தன. அவர் உள்ளங்கால் தசைநார் வீக்கத்தோடு ஓடிக்கொண்டிருந்தார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்த வலியோடு 16 ஆட்டங்களிலும் ஆடியிருக்கிறார்.

அடுத்த ஆண்டு, 2007இல், அவர் 14 சாக் எடுத்தார். அதற்கடுத்த ஆண்டு 12, கூடவே பருவத்தின் சிறந்த வீரர்களுக்கான புரோ பௌல். ஓய்வு பெற்றபோது மொத்தம் தொண்ணூற்று ஏழரை. 2011க்குப் பிறகு யங் என்எஃப்எல் பருவம் ஒன்றில்கூட ஆடவில்லை. என் மின்னஞ்சல் மட்டும் இன்னும் ஆடிக்கொண்டிருக்கிறது: ஒவ்வோர் ஏப்ரலிலும் டிராஃப்ட் நாளன்று பழைய சகா ஒருவர் அதை எடுத்து எல்லோருக்கும் அனுப்பிவைக்கிறார். அன்று ஆமாம் போட்ட முப்பத்தொன்பது பேரும் தாங்கள் அப்படி நினைக்கவே இல்லை என்று இப்போது சாதிக்கிறார்கள். எழுதி வைத்தவன் அகப்பட்டுக்கொண்டான், வாயால் பேசியவர்கள் தப்பித்துக்கொண்டார்கள். இந்த வருத்தம் எனக்கு ஆறவே இல்லை.

இனி உங்கள் வீரருக்கு வருகிறேன். அவர் எண்டு அல்லர், டேக்கிள் என்று எழுதியிருக்கிறீர்கள். அது பெரிய வேறுபாடு. வரிசையின் ஓரத்தில் நிற்பவருக்கு ஓடி வளைந்து போக வெளி இருக்கிறது. நடுவில் நிற்பவருக்கு முன்னால் முந்நூறு பவுண்டு ஆட்கள் மூன்று பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள். அவரும் எதிரணி வரிசையின் நடுவில் நின்று பந்தைப் பின்னால் கொடுக்கும் சென்டருக்கு நேர் எதிரே நிற்கும் நோஸ் டேக்கிளாக இருந்தால், இரண்டு பேரைத் தன்மேல் இழுத்துவைத்துக்கொண்டு, பின்னால் நிற்கும் லைன்பேக்கர்கள் தடையின்றி ஓட வழிவிடுவதுதான் பல அணிகளில் அவருடைய வேலை. அந்த வேலையை அவர் சிறப்பாகச் செய்தால் பந்தோடு வருபவரை வீழ்த்திய கணக்கு லைன்பேக்கருக்குப் போகும், சாக் எண்டுக்குப் போகும், அவருக்கு வசவு மட்டும் மிஞ்சும். கார்டின் வெளித்தோளுக்கு நேரே நின்று உள்ளே பாயும் 'மூன்று-டெக்னிக்' இடத்தில் அவரை ஆடவிட்டிருந்தால் மட்டுமே சாக் குறைவு என்ற புகாருக்கு ஓரளவு இடமுண்டு.

அப்போதும் ஓர் ஆண்டு போதாது. நியூயார்க் ஜெட்ஸ் 2019இல் மூன்றாவது தேர்வாக எடுத்த குவினென் வில்லியம்ஸ் முதல் பருவத்தில் இரண்டரை சாக்தான் எடுத்தார். அன்று அவரைப் பற்றி எழுதப்பட்டவை, நீங்கள் இப்போது அலுவலகத்தில் கேட்பவையேதான். அடுத்த ஆண்டு 7, 2022இல் 12, அதற்கடுத்த கோடையில் நான்கு ஆண்டுகளுக்கு 96 மில்லியன் டாலர் ஒப்பந்தம். கிரீன் பே 2016இல் 27ஆவது தேர்வாக எடுத்த கென்னி கிளார்க், டிராஃப்ட் நாளில் இருபது வயதுப் பையன், முதல் ஆண்டில் ஒரு சாக்கூட எடுக்கவில்லை. பின்னாளில் மூன்று முறை புரோ பௌலுக்குப் போனார். சான் பிரான்சிஸ்கோவின் அரிக் ஆம்ஸ்டெட் இன்னும் பொறுமையைச் சோதித்தவர்: 2015இல் 17ஆவது தேர்வாக வந்து நான்கு பருவங்களில் மொத்தம் 9 சாக், ஐந்தாவது பருவத்தில் மட்டும் 10.

இப்படிச் சொன்னால், அப்படியானால் யாருமே ஏமாற்றம் இல்லையா, எல்லோருக்கும் சால்ஜாப்பு சொல்லிக்கொண்டே போகலாமா என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். ஏமாற்றங்கள் உண்டு. ஜெட்ஸ் அணியே 2008இல் ஆறாவது தேர்வாக எடுத்த வெர்னன் கோல்ஸ்டன் மூன்று பருவங்களில் 45 ஆட்டங்கள் ஆடி, சாக் கணக்கைத் தொடங்காமலேயே வெளியேறினார். காயத்தின் மேல் பழிபோடவும் வழியில்லை. 2000ஆம் ஆண்டு கிளீவ்லண்ட் முதல் தேர்வாக எடுத்த கோர்ட்னி பிரவுனின் கதை வேறு. திறமையைப் பற்றி எவருக்கும் ஐயம் இருக்கவில்லை, உடம்புதான் பருவத்துக்குப் பருவம் கைவிட்டது. மொத்தம் 19 சாக்கோடு முடிந்தது. முதல் தேர்வுக்கு அது ஏமாற்றம்தான், ஆனால் முதலாமவரையும் இவரையும் ஒரே சொல்லால் ஏசுவது எனக்கு ஒப்பவில்லை. தேர்வின் விலையோடு ஒப்பிட்டு வரும் ஏமாற்றம் வேறு, ஆடத் தெரியாதவர் என்பது வேறு. மூன்றாவது தேர்வாக வந்து, பத்து நிமிடம் வந்து போகும் மாற்று ஆளாக எட்டு ஆண்டுகள் பிழைத்திருப்பவர் தம் தொழிலில் தேர்ந்தவர்தான். அவருக்கு அந்த விலை கொடுத்த நிர்வாகம்தான் கணக்கில் ஏமாந்தது.

இதில் எனக்குப் பிடிக்காத கூட்டம் ஒன்று இருக்கிறது. டிராஃப்ட் முடிந்த மறுநாள் காலையே 32 அணிகளுக்கும் மதிப்பெண் போட்டுவிட்டு, மூன்று ஆண்டு கழித்து அந்த விடைத்தாளைத் திரும்பியே பார்க்காதவர்கள். பிளஸ் டூ மாணவனுக்குக்கூட மறுமதிப்பீடு கேட்க உரிமை உண்டு. 2011இல் ஹூஸ்டன் 11ஆவது தேர்வாக ஜே. ஜே. வாட்டை அறிவித்தபோது கூடியிருந்த எங்கள் ஊர் ரசிகர்கள் ஊளையிட்டார்கள்; இரண்டாம் ஆண்டில் அவர் இருபதரை சாக் எடுத்தபோது, ஊளையிட்டவர் ஒருவரைக்கூட ஊரில் கண்டுபிடிக்க முடியவில்லை. நான் அந்த முறை வாயைத் திறக்கவில்லை என்பதைப் பெருமையாகவே பதிவு செய்கிறேன்.

எப்போது முடிவு சொல்லலாம் என்று நீங்கள் கேட்பது புரிகிறது. அணி நிர்வாகத்துக்கே அதற்கு ஒரு நாள் இருக்கிறது. அணி உரிமையாளர்களும் வீரர் சங்கமும் செய்துகொண்ட 2011 ஒப்பந்தத்திலிருந்து முதல் சுற்று வீரர்களுக்கு நான்கு ஆண்டு ஒப்பந்தமும், அணி விரும்பினால் ஐந்தாம் ஆண்டும் உண்டு. அந்த ஐந்தாம் ஆண்டு வேண்டுமா வேண்டாமா என்பதை மூன்றாம் பருவம் முடிந்த பிறகு மே மாதத் தொடக்கத்துக்குள் சொல்லிவிட வேண்டும். தினமும் பயிற்சியில் அவரைப் பார்க்கிறவர்களே மூன்று பருவம் எடுத்துக்கொள்ளும்போது நாம் பதினேழு ஞாயிற்றுக்கிழமைகளில் முடித்துவிடுவது அவசரம்.

அதுவரை சும்மா இருக்க முடியாது என்றால், இந்தப் பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களுக்குத் தாளும் பென்சிலும் எடுத்துக்கொண்டு உட்காருங்கள். ஒற்றைத் தடுப்பு, இரட்டைத் தடுப்பு, குவாட்டர்பேக் நகர்ந்தாரா இல்லையா, இவை போதும். மூன்றாவது டவுனில் (பத்து கெஜம் முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது) அவரைக் களத்தில் வைத்திருக்கிறார்களா, வெளியே அழைத்துவிடுகிறார்களா என்பதையும் ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். பயிற்சியாளர்கள் பேட்டியில் சொல்லாததை அது சொல்லிவிடும். ஒற்றைத் தடுப்பிலேயே ஆட்டத்துக்கு ஆட்டம் அவர் முடங்கி நின்றால், உங்கள் நண்பர்கள் சொல்வதில் உண்மை இருக்கக்கூடும் என்று நானும் ஒப்புக்கொள்வேன். அவர் நோஸ் டேக்கிளா, மூன்று-டெக்னிக்கா, காயம் ஏதாவது இருந்ததா என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். உங்கள் கணிப்பை மட்டும் தயவுசெய்து அலுவலக மின்னஞ்சலில் எழுதிவிடாதீர்கள்.