அணிந்துரைக்கு முன்னால் ஒரு வாசிப்பு

அன்புள்ள ஐயா,

நான் கொள்ளுப்பிட்டியில் ஒரு வங்கியில் வேலை செய்கிறேன். பத்திரிகைகளிலும் முகநூலிலும் வந்த என் கவிதைகளைத் தொகுத்து முதல் நூலை அச்சுக்குக் கொடுக்க இருக்கிறேன். 84 கவிதைகள். ஒரு பேராசிரியர், ஒரு பத்திரிகை ஆசிரியர், ஓய்வுபெற்ற ஓர் அதிபர் என மூன்று அணிந்துரைகள் வாங்கிவிட்டேன். வெள்ளவத்தையில் மண்டபமும் பதிவு செய்தாயிற்று.

கவிஞர் ரி. எஸ். எலியட்டின் பெயரில் இலண்டனில் வழங்கப்படும் பரிசைப் பற்றி அண்மையில் வாசித்தேன். கவிதைத் தொகுப்புக்கு மட்டுமே 25,000 ஸ்டேர்லிங் பவுண்! எங்கள் ஆட்களின் பிள்ளையான வித்யன் ரவீந்திரன் 2019இல் அதன் இறுதிப் பட்டியலில் இருந்தார் என்று அறிந்தபோது மனம் துள்ளியது. தமிழ்க் கவிதைக்கு இங்கே ஏன் அப்படியொரு பரிசு இல்லை? கிரேஷியன் பரிசும் ஆங்கிலத்துக்குத்தானே? என் கவிதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்ப்பித்தால் வழி உண்டா? அரச இலக்கிய விருதுக்கு அனுப்பலாமா? ஐந்து கவிதைகளை இணைத்திருக்கிறேன்.

எஸ்.,
தெஹிவளை

*

அன்புள்ள எஸ்.,

உமது கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் குறுகியது. அவற்றை முதலில் முடித்துவிடுவோம்.

மொழிபெயர்த்துக்கொண்டு அந்த வாசலில் நிற்க முடியாது. எலியட் பரிசு ஆங்கிலத்தில் எழுதப்பட்டு, பிரித்தானியாவிலோ அயர்லாந்திலோ வெளியான புதிய தொகுப்புக்கு உரியது. மொழிபெயர்ப்பு நடக்கத்தான் வேண்டும், ஆனால் பரிசை நினைத்து அல்ல. நீர் சொல்லும் வித்யன், ஷாஷ் ட்ரெவெட், செனி செனெவிரத்ன மூவரும் சேர்ந்து 2023இல் இலங்கையின் தமிழ், சிங்கள, ஆங்கிலக் கவிதைகளை ஒரே ஆங்கிலத் தொகுப்பாகக் கொண்டுவந்தார்கள். அதைத் தேடி வாசியும்.

கிரேஷியன் பரிசு, இங்கே பிறந்த எழுத்தாளர் மைக்கேல் ஒண்டாச்சி 1992இல் தமக்குக் கிடைத்த புக்கர் பரிசுப் பணத்தைக் கொண்டு, தாயாரின் குடும்பப் பெயரில் தொடங்கியது. இங்கே இருந்துகொண்டு ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களுக்கு என்று அவர் வைத்தார். தமிழுக்கு ஒருவர் அப்படி வைக்காதது ஒண்டாச்சியின் பிழை அல்ல.

அரச இலக்கிய விருதுக்கு அனுப்பும். மூன்று மொழிக்கும் உரிய விருது, உமது வரிப்பணத்திலும் நடக்கிறது. அதில் யோசிக்க என்ன இருக்கிறது?

நான் நின்றுபோனது வேறொரு வரியில். ‘மூன்று அணிந்துரைகள் வாங்கிவிட்டேன்.’ பிள்ளை, அந்த மூன்று பேரில் எவராவது ஒரு கவிதையையாவது எடுத்துவிடச் சொன்னாரா? ஒரு வரியின் கீழே கோடிழுத்து ‘இது என்ன?’ என்று கேட்டாரா? கேட்டிருந்தால் அதைத்தான் நீர் முதலில் எழுதியிருப்பீர். சமூக அக்கறை, மனிதநேயம், வளர்ந்துவரும் இளம் கவிஞர், மேலும் பல நூல்களைத் தர வாழ்த்துகிறேன். இந்தச் சொற்கள் எந்தப் புத்தகத்துக்கும் பொருந்தும். திறந்து பார்க்காமலே எழுதலாம். அப்படித்தான் எழுதப்படுகின்றன. கொழும்பில் வெளிவரும் கவிதைப் புத்தகங்களைத் தொடர்ந்து வாங்கி வாசிக்கிறவன் என்ற உரிமையில் சொல்கிறேன், கவிதை தொடங்கும் பக்கத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் வாசகர் களைத்துப்போகிறார்.

வெளியீட்டு விழாவையும் நினைத்துப் பாரும். மங்கல விளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, ஆசியுரை, வாழ்த்துரை, முதற்பிரதி வழங்கல், சிறப்புப் பிரதிக்கு மேடைக்கு அழைக்கப்படும் நீண்ட பெயர்ப்பட்டியல், கையில் கடித உறை, புகைப்படம், நயவுரை, ஏற்புரை. இத்தனைக்கும் நடுவே கவிதை எப்போது வாசிக்கப்படுகிறது? நயவுரைகாரர் இரண்டு மேற்கோள் சொன்னால் அதுவே அதிகம். எழுதிய பிள்ளை பட்டுச்சேலையோடு மேடையில் பேசாமல் இருக்கும். சனங்கள் உறவுக்கும் நட்புக்கும் வந்து, உறையைக் கொடுத்து, புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள். அந்த அன்பை நான் குறை சொல்லவில்லை. அச்சுக்கூலி அந்த உறைகளால்தான் திரும்பி வருகிறது என்பதும் தெரியும். ஆனால் அது வாசிப்பு ஆகாது.

நீர் வியக்கும் பரிசில் என்ன நடக்கிறது? 1993இல் கவிதை நூல் சங்கம் தன் நாற்பதாம் ஆண்டையொட்டி அதைத் தொடங்கியது. சங்கத்தை நிறுவியவர்களில் எலியட்டும் ஒருவர். பரிசுப் பணத்தை அவருடைய மனைவி வலரி கொடுத்தார். 2016இலிருந்து எலியட் அறக்கட்டளை நடத்துகிறது. அண்மைக் காலத்தில் ஆண்டுக்கு 150க்கும் மேற்பட்ட புத்தகங்கள் வருகின்றன. மூன்று நடுவர்கள், மூவரும் கவிஞர்கள். அத்தனையையும் வாசித்துப் பத்தாகக் குறைக்கிறார்கள். அந்தப் பத்துக்கும் மதிப்புரை எழுதப்படுகிறது, வாசிப்புக் குறிப்புகள் தயாராகின்றன. முடிவு அறிவிப்பதற்கு முந்திய இரவு தேம்ஸ் கரையிலுள்ள பெரிய அரங்கில் பட்டியலில் உள்ள கவிஞர்கள் தங்கள் கவிதைகளை வாசிக்கிறார்கள். சனங்கள் டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறார்கள். 25,000 பவுண் உமது கண்ணில் பட்டது, அதற்கு முன்னால் நடக்கும் வாசிப்பு படவில்லை. அதைக் கறைபடாத கோயில் என்றும் எண்ணவேண்டாம். 2011இல் ஒரு முதலீட்டு நிறுவனத்தின் அனுசரணையை ஏற்க மனமில்லாமல் அலிஸ் ஒஸ்வல்டும் ஜோன் கின்செல்லாவும் பட்டியலிலிருந்தே விலகினார்கள்.

இப்போது இங்கே. டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில் பழைய புத்தகக் கடைகளைக் கிளறிக்கொண்டிருந்தபோது ஒரு கவிதைத் தொகுப்பு அகப்பட்டது. முதல் பக்கத்தில் பேனையால் ‘போட்டிக்கு’ என்று எழுதியிருந்தது. எந்தப் போட்டி என்று சொல்லமாட்டேன். நடுவர் ஒருவருக்குப் போன பிரதி என்பது உள்ளே செருகியிருந்த புள்ளித்தாளில் தெரிந்தது. மொழிநடை, கருப்பொருள், மொத்தம் என்று எல்லாக் கட்டத்திலும் இலக்கம் போட்டிருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து புரட்டினால், நடுவில் ஒரு தாள் மேல் விளிம்பில் வெட்டுப்படாமல் மடிப்போடு அப்படியே இருந்தது. அச்சகத்தில் கத்தி தவறிய மடிப்பு. அதைப் பிரிக்காமல் உள்ளே இருக்கிற இரண்டு பக்கத்தையும் ஒருவராலும் ஒழுங்காக வாசிக்க முடியாது. நான் அடிமட்டத்தை வைத்துக் கிழித்துத் திறந்தேன். புத்தகத்தின் ஆகச் சிறந்த கவிதை அந்த மடிப்புக்குள் இருந்தது. எழுதியவருக்கு அந்த ஆண்டு பரிசு கிடைக்கவில்லை. கிடைத்திருந்தாலும் எனக்கு இதே கோபந்தான் வந்திருக்கும். வாசிக்காமல் கொடுத்த பரிசை அந்தக் கவிஞர் வீட்டில் எங்கே வைப்பார்?

ஆகவே தமிழ்க் கவிதைக்குப் பெரிய பரிசு ஏன் இல்லை என்று என்னிடம் கேட்காதேயும். பணம் வைக்க ஆள் வரும். எங்கள் சனங்கள் கோயிலுக்கும் பாடசாலைக்கும் கொடுக்கிறார்கள், கவிதைக்கும் ஒருநாள் கொடுப்பார்கள். நூற்றைம்பது புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து, ஏன் இது, ஏன் அதில்லை என்று பெயர் போட்டு எழுதித் தரும் மூன்று பேரை எங்கே பிடிப்பது? அந்தப் பழக்கம் விருதுக் குழுவில் திடீரென்று பிறக்காது. அச்சுக்குப் போகுமுன் ஒருவர் மற்றவரின் கையெழுத்துப் பிரதியை இரக்கமில்லாமல் வாசிக்கும் இடத்தில்தான் பிறக்கும்.

அப்படி ஒரு வாசிப்பை என் இளமையில் கிட்ட இருந்து பார்த்திருக்கிறேன். வெள்ளவத்தையில் கடற்பக்க ஒழுங்கை ஒன்றில் ஒரு அனெக்ஸில் இருந்தார் அந்தக் கவிஞர். இலிகிதர் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தன் புத்தகத்தை ஒழுங்குபடுத்த என்னைக் கூப்பிட்டார். தரையில் பாய் விரித்து, கவிதைத் தாள்களை ஒவ்வொன்றாய்ப் பரப்பினார். தாள் பறக்கும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டார். ஏப்ரல் வெக்கை. ரயில் போகும்போதெல்லாம் யன்னல் அதிரும், அவர் வாசிப்பதை நிறுத்திக் காத்திருந்து மறுபடி அந்த வரியின் தொடக்கத்திலிருந்து வாசிப்பார். எல்லாவற்றையும் சத்தமாக. ஒரு தாளை எடுத்து இன்னொன்றுக்குப் பக்கத்தில் வைப்பார், தலையை ஆட்டித் திரும்ப எடுப்பார். கடைசியில், வானொலியில் பலமுறை போன, ஊரே அறிந்த கவிதையை எடுத்துக் கட்டிலுக்கு மேலே போட்டார். நான் பதறிப்போய் ‘ஏன் ஐயா?’ என்றேன். ‘இது இருந்தால் மற்றதெல்லாம் இதுக்காகக் காத்துக்கொண்டு நிற்கும்’ என்றார். 31 கவிதைகளோடு வந்தது அந்தப் புத்தகம். ஒன்றை உருவினால் இரண்டு பக்கத்திலும் இருப்பவை தளர்ந்துவிடும். அணிந்துரை கிடையாது.

நீர் பெயர் சொன்ன எலியட்டிடமே வருவோம். அவரும் உம்மைப்போல வங்கியில் இருந்தவர், லொயிட்ஸ் வங்கியில், 1917இலிருந்து 1925 வரை. ‘தி வேஸ்ட் லாண்ட்’ என்ற அவருடைய புகழ்பெற்ற நீண்ட கவிதை அந்தக் காலத்தில் எழுதியது. பிரதியை நண்பரான கவிஞர் எஸ்ரா பவுண்டிடம் கொடுத்தார். பவுண்ட் அதை ஏறத்தாழப் பாதியாக்கினார். கடலில் சாகும் மாலுமியைப் பற்றிய நீண்ட பகுதி பத்து வரியாகச் சுருங்கியது. மனம் சோர்ந்த எலியட், அந்தப் பத்தையும் எடுத்துவிடவா என்று கேட்டார். கூடாது, அது இருந்தே ஆகவேண்டும் என்றார் பவுண்ட். வெட்டத் தெரிந்தவருக்கு எதை வெட்டக்கூடாது என்பதும் தெரிந்திருந்தது. 1922இல் கவிதை வந்தது. பிறகு எலியட் அதைப் பவுண்டுக்கே காணிக்கையாக்கினார். காணாமற்போனதாகக் கருதப்பட்ட அந்தப் பிரதி நியூயோர்க் நூலகமொன்றில் இருப்பது 1968இல் வெளியே தெரிந்தது. பவுண்டின் கோடுகளும் அடிப்புகளும் அப்படியே தெரிய 1971இல் அதைப் பதிப்பித்தவர் யார் தெரியுமா? வலரி எலியட். கணவரின் கவிதை எப்படி அடிவாங்கி உருவானது என்று உலகுக்குக் காட்டிய அதே பெண்தான் பிற்பாடு இந்தப் பரிசுக்குப் பணம் கொடுத்தார்.

அந்தப் பரிசு பெற்ற புத்தகங்களில் ஒன்றையாவது தொகுப்பு என்ற கண்ணோடு பாரும். 2012இல் வென்ற அமெரிக்கக் கவிஞர் ஷரன் ஓல்ட்ஸின் நூல் முழுக்க ஒரு மணமுறிவு. முறிவு நடந்தது 1997இல். பத்து ஆண்டு வெளியிடமாட்டேன் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். பருவகாலங்களின் வரிசையில் போய், பல ஆண்டு கழிந்த பிறகு வரும் கவிதைகளில் முடிகிறது. வித்யனின் புத்தகமோ மனைவியை நோக்கிய சொனெற்றுகளால், அதாவது பதினான்கு வரிக் கவிதைகளால் ஆனது. ‘இதுவரை எழுதியவை’ என்பது ஒரு புத்தகத்துக்குக் காரணம் ஆகாது, எஸ். எங்களிடமும் உதாரணம் உண்டு. 1986இல் யாழ்ப்பாணத்தில் வந்த ‘சொல்லாத சேதிகள்’ எத்தனை மெல்லிய தொகுப்பு! எங்கள் பெண்களின் கவிதை அதற்குப் பிறகு பழையபடி இருக்கவில்லை. நீர் அதை வாசித்திருக்கிறீரா? கடிதத்தில் இலண்டன் இருக்கிறது, அது இல்லை.

இனி உமது ஐந்து கவிதைகள். நான்கைப் பற்றி நேரில் பேசுவோம். அம்மாவைப் பற்றிய கவிதையை மூன்றுதரம் வாசித்தேன். மூலைக் கடைக்குப் பாண் வாங்கப் போகிறவ, இன்றைக்கும் அடையாள அட்டையைப் பொலித்தீன் பையில் சுற்றி, றப்பர் பாண்ட் போட்டு, சட்டைக்குள் செருகிக்கொண்டு போகிறா. மகள் சிரிக்கிறாள். மறுநாள் வேலைக்குப் போகையில் மகளின் கை தானாகக் கைப்பையைத் திறந்து தன் அட்டையைத் தொட்டுப் பார்க்கிறது. இந்த ஊரில் சோதனைச் சாவடிக் காலத்தைக் கடந்த எவரும் இதை வாசித்துவிட்டுச் சும்மா இருக்க முடியாது. அபாரம், பிள்ளை. அதற்குப் பிறகு எதற்கு அந்த நான்கு வரி? ‘யுத்தம் முடிந்தும் முடியாத / எம் இனத்தின் வலிகள்’ என்று தொடங்கி எங்களுக்கு விளக்கம் சொல்கிறீரே, யாருக்குச் சொல்கிறீர்? தன் அட்டையைத் தொட்டுப் பார்த்த வாசகரை நம்பாமல், மேடையில் கைதட்டப் போகிறவரை நம்பி எழுதிய வரிகள் அவை. பேராசிரியர் தமது அணிந்துரையில் மேற்கோள் காட்டியிருப்பது அந்த நான்கையும்தான் என்றால் எனக்கு ஆச்சரியமில்லை. எடுத்துவிடும். கை அட்டையைத் தொடுகிற இடத்தில் கவிதை முடியட்டும்.

மண்டபத்துக்குக் கட்டிய முற்பணம் போகுமென்று அஞ்சாதேயும். திகதியைத் தள்ளித் தரும்படி கேளும், பெரும்பாலும் தருவார்கள். அச்சகத்துக்கு இந்த மாதம் போகவேண்டாம். 84 கவிதைகளையும் தனித்தனித் தாளில், ஒரு பக்கம் மட்டும் அச்செடுத்துக்கொண்டு ஒரு ஞாயிறு காலை என் வீட்டுக்கு வாரும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாரும், மனைவி இருப்பா, பேசிக்கொண்டிருக்கட்டும். அணிந்துரைகளை வீட்டில் வைத்துவிட்டு வாரும். பென்சில் என்னிடம் இருக்கிறது. மத்தியானச் சாப்பாடு இங்கேதான், பின்நேரம் வரை ஆகும்.

அன்புடன்.