ஃபைல் போகாமல் லினக்ஸ் அப்கிரேட்: கேள்வி பதில்

கேள்வி: உபுண்டு 20.04-லிருந்து நேரே 24.04-க்குப் போகலாமா? ஹோம் ஃபோல்டர் அப்படியே இருக்குமா சார்?

நேரே தாண்ட முடியாது. முதலில் 22.04, அப்புறம் 24.04. அப்கிரேட் பொதிகளைத்தான் (சிஸ்டத்தின் மென்பொருள் தொகுப்புகளை) மாற்றும். ஹோமில் உள்ள உங்கள் ஃபைல்களில் கை வைக்காது. ஆனால் பாதியில் கரண்ட் போனாலோ டிஸ்க் நிரம்பினாலோ கணினி கிளம்பாமல் நின்றுவிடலாம். அதனால் முதலில் வெளி டிஸ்கில் பேக்கப். கணினியைக் கிளப்பும் ஃபைல்களுக்கான பூட் பார்ட்டிஷன் (டிஸ்கில் பிரித்த ஒரு பகுதி) தனியாக இருந்தால் பழைய கெர்னல்கள், அதாவது லினக்ஸின் மைய நிரலின் பழைய பதிப்புகள், அதை அடைத்துக்கொண்டிருக்கும், அவற்றை நீக்குங்கள். நீங்கள் சேர்த்த பிபிஏக்களை (உபுண்டுவுக்கு வெளியார் தரும் மென்பொருள் மூலங்களை) அப்கிரேட் முடக்கிவிடும். புதிய பதிப்புக்கு வந்திருப்பவற்றை மட்டும் பிறகு இயக்குங்கள்.

கேள்வி: ஹோம் தனி பார்ட்டிஷனில் இருக்கிறது. புதிதாக இன்ஸ்டால் செய்யும்போது எதை அழுத்துவது?

"டிஸ்கை அழித்து நிறுவு" என்பதை மட்டும் அழுத்தாதீர்கள். பார்ட்டிஷன்களை நாமே தேர்ந்தெடுக்கும் வழிக்குப் போங்கள். ரூட்டுக்கு, அதாவது சிஸ்டம் இருக்கும் பார்ட்டிஷனுக்கு, ஃபார்மேட் டிக் இருக்கலாம். ஹோமுக்கு மவுண்ட் பாயிண்ட் (அது எந்த ஃபோல்டராகத் தெரிய வேண்டும் என்பது, இங்கே /home) மட்டும் கொடுங்கள், ஃபார்மேட் டிக் இருக்கக் கூடாது. டிஸ்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ (sda), எஸ்டிபி (sdb) என்ற பெயர்களை நம்பாதீர்கள். யூஎஸ்பி செருகியிருக்கும்போது அவை இடம் மாறலாம். லைவ் யூஎஸ்பியில் (நிறுவாமலே லினக்ஸ் ஓடும் பென்டிரைவில்) கிளப்பி, எந்தப் பார்ட்டிஷன் எந்த அளவு, என்ன லேபிள் என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள்.

பழைய யூசர் பெயரையே கொடுங்கள். உபுண்டுவில் முதல் யூசருக்கு எண் 1000, அடுத்தவருக்கு 1001. வீட்டில் இருவர் பயன்படுத்தினால் பழைய வரிசையிலேயே உருவாக்குங்கள். ஃபைல் யாருடையது என்பதை லினக்ஸ் இந்த எண்ணை வைத்துத்தான் அறியும். மாறினால் ஒருவர் ஃபைல் இன்னொருவர் பெயரில் நிற்கும்.

கேள்வி: தனி ஹோம் வீண் வேலை. ரூட் நிரம்பி வழியும், ஹோம் காலியாகக் கிடக்கும். ஒரே பார்ட்டிஷன் போதாதா?

ரூட் நிரம்பும் என்பது உண்மைதான். மென்பொருள்களைத் தனிப் பெட்டிகளாகத் தரும் ஸ்னாப், சிஸ்டம் அளவில் போட்ட ஃப்ளாட்பேக், டாக்கர் மூன்றும் ரூட்டுக்குள் இருக்கும் வார் (/var) டைரக்டரியில்தான் குவியும். இன்றைக்கு 30 ஜிபி ரூட் போதாது. அதற்கு ரூட்டைப் பெரிதாக வையுங்கள். ஹோமை ஏன் அதோடு சேர்க்க வேண்டும்? கணினி கெட்டுப்போன அன்று ரூட்டை மட்டும் துடைத்துவிட்டு வேலையைத் தொடர முடிகிறதே, அந்த நிம்மதிக்காகத்தான் இவ்வளவும் சொல்கிறேன்.

கேள்வி: அதே ஆள்தான். பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) என்ற ஃபைல் சிஸ்டத்தில் சப்வால்யூம் (ஒரே பார்ட்டிஷனுக்குள் பிரிக்கும் பகுதி) வைத்தால் இரண்டுக்கும் இடம் பொதுவாயிற்றே?

நல்ல வாதம், ஒப்புக்கொள்கிறேன். ரூட்டும் ஹோமும் தனித்தனி சப்வால்யூம். ஃபெடோரா என்ற இன்னொரு லினக்ஸின் டெஸ்க்டாப், 33-வது பதிப்பிலிருந்து அப்படித்தான் வருகிறது. ஆனால் அங்கே ஃபார்மேட் டிக் விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். ரூட் சப்வால்யூமை மட்டும் மாற்றி நிறுவத் தெரிந்தவர்களுக்கு அது சரி. புதியவர்களுக்கு நான் இன்னும் தனி பார்ட்டிஷனைத்தான் சொல்வேன்.

கேள்வி: ஸ்னாப்ஷாட் (சிஸ்டத்தின் அந்த நேரத்து நிலையைப் பதிந்தது) இருக்கிறது, பேக்கப் வேண்டாம்தானே?

வேண்டும். ஸ்னாப்ஷாட்டும் பெரும்பாலும் அதே டிஸ்கில்தான் இருக்கிறது. ஸ்னாப்ஷாட் எடுக்கும் டைம்ஷிஃப்ட் செயலி, நீங்கள் சொல்லாவிட்டால் ஹோமைச் சேர்க்கவே சேர்க்காது.

கேள்வி: பேக்கப் எடுக்க இடமில்லை. எடுக்காமல் அப்கிரேட் செய்யலாமா?

மேலே இருமுறை சொல்லியாயிற்று. கூடாது. டிஸ்க் கிடைக்கும்வரை பழைய பதிப்பிலேயே இருங்கள்.

கேள்வி: பென்டிரைவில் இழுத்துப் போட்டால் போதாதா?

படங்களுக்கும் ஆவணங்களுக்கும் போதும். பென்டிரைவ்களில் பரவலாக உள்ள எக்ஸ்ஃபேட் ஃபார்மேட்டில் லினக்ஸ் பர்மிஷன்களும் சிம்லிங்க்குகளும் (இன்னொரு ஃபைலைச் சுட்டும் இணைப்புகளும்) நிற்காது. எஸ்எஸ்எச் சாவிகள் (வேறு கணினிக்குள் நுழையும் சாவி ஃபைல்கள்), ஸ்கிரிப்டுகள் எல்லாம் குழம்பும். எல்லாவற்றையும் ஒரே தார் (tar) கோப்பாகக் கட்டிப் போடுங்கள், அல்லது லினக்ஸின் எக்ஸ்ட்4 (ext4) ஃபார்மேட்டில் உள்ள டிஸ்கில் ஆர்சிங்க் (rsync) என்ற நகலெடுக்கும் கருவியால் எடுங்கள். புள்ளியில் தொடங்கும் மறைந்த ஃபோல்டர்களை விட்டுவிடாதீர்கள். உங்கள் பிரவுசர் புக்மார்க்குகள் அங்கேதான்.

கேள்வி: அப்கிரேடுக்குப் பிறகு வைஃபை வரவில்லை.

ஃபைல் விஷயம் இல்லை இது. டிரைவர் தெரிந்தவர்களிடம் கேளுங்கள்.

கேள்வி: மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஹோமில் இருக்குமா?

இருக்காது. நிறையப் பேர் கோட்டை விடும் இடம் இதுதான். டேட்டாபேஸ், டாக்கர் வால்யூம் (டாக்கர் சேமித்த டேட்டா), கிரான்டேப் (நேரம் குறித்து ஓடும் வேலைகளின் பட்டியல்) எல்லாம் வார் டைரக்டரிக்குள் இருக்கின்றன; ரூட்டை ஃபார்மேட் செய்தால் அவையும் போகும். டேட்டாபேஸ் ஃபோல்டரை அப்படியே நகலெடுக்காமல் டம்ப் (உள்ளடக்கத்தை ஒரு ஃபைலாக ஏற்றுமதி செய்வது) எடுங்கள், புதிய பதிப்பு பெரும்பாலும் சிக்கலின்றி ஏற்றுக்கொள்ளும். சிஸ்டம் அமைப்புகள் இருக்கும் இடிசி (/etc) டைரக்டரியையும் நகலெடுங்கள், ஆனால் புதியதன் மேல் மொத்தமாகக் கொட்டாதீர்கள். வேண்டிய ஃபைலை மட்டும் பார்த்துப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பழைய 32-பிட் கணினி. டெபியன் 13 போடலாமா?

முடியாது. 2025-ல் வந்த அந்தப் பதிப்பில் 32-பிட் பிசிக்கு இன்ஸ்டாலரும் இல்லை, கெர்னலும் இல்லை. 12-லேயே இருங்கள்.